ஊசி போட்ட அந்த இருபது நிமிடம் வீணா?

கேள்வி: போன மாதம் ஒரு நாள் விடியற்காலை மூன்றரை மணிக்கு என் பெரியப்பாவுக்கு நெஞ்சை அடைத்துக்கொண்டு வலி வந்தது. வயது 58. இரவு சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, வாயுதான் என்று அவரே சொல்லிவிட்டு சோடா குடித்துப் பார்த்தார். பெரியம்மா ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தார். வேர்வை நிற்கவே இல்லை என்பதால் ஆறரை மணிக்குப் பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். ஈசிஜி எடுத்துப் பார்த்து அட்டாக் என்றார்கள். இருபது நிமிடத்தில் ஒரு ஊசி போட்டு, 108 வண்டியில் தூத்துக்குடிக்கு அனுப்பினார்கள். மறுநாள் அங்கே ஆஞ்சியோ பார்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் சென்னையிலிருந்து பார்க்க வந்த அத்தான், "அங்கே எதற்கு நிறுத்தினீர்கள்? கார் பிடித்து நேரே தூத்துக்குடிக்குப் போயிருந்தால் அன்றே ஸ்டென்ட் வைத்திருப்பார்களே. ஊசியெல்லாம் வசதியில்லாதவர்களுக்குப் போடுவது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. நாங்கள் செய்தது தப்பா? ஊசியிலேயே அடைப்பு கரைந்துவிட்டது என்றால், பிறகு ஸ்டென்ட் எதற்கு?

ஒரு வாசகர், மணப்பாடு

பதில்: முதலில் உங்கள் மனசு ஆறட்டும். அந்த மருத்துவமனையில் வண்டியை நிறுத்தியதுதான் அன்று காலை நீங்கள் செய்தவற்றிலேயே மிகச் சரியான காரியம். அத்தான் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் படித்தவர்களும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

மாரடைப்பில் அடைபட்ட குழாயைத் திறக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உறைந்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஊசியாக ஏற்றுவது. மற்றொன்று, மணிக்கட்டு அல்லது தொடை வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, அடைப்புக்குள் பலூனை விரித்து, ஸ்டென்ட் என்ற சின்ன உலோக வலைக்குழாயைப் பொருத்துவது. இந்தக் கம்பி வேலையை எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே செய்யும் அறைதான் கேத் லேப். நோயாளி கேத் லேப் வாசலிலேயே இருக்கிறார் என்றால் பலூன்தான் மேல். 2003இல் 23 ஆய்வுகளின் 7,739 நோயாளிகளை ஒரே கணக்கில் கொண்டுவந்து பார்த்தார்கள். இறப்பு, மறுபடி அட்டாக், பக்கவாதம் என்ற மூன்றுமே பலூன் செய்துகொண்டவர்களுக்குக் குறைவாக இருந்தன. அதே ஆண்டு வெளிவந்த டானமி-2 என்ற டென்மார்க் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. சிறிய மருத்துவமனைக்கு வந்தவர்களைக்கூட, ஊசி போடாமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி பலூன் செய்தால் நல்லது என்று அது காட்டியது. அத்தானின் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

ஆனால் அந்த ஆய்வில், அப்படி அனுப்பப்பட்டவர்களில் 96 சதவீதம் பேர் 2 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முடிவு முழுவதும் இந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது. வரியை எடுத்துவிட்டால் முடிவும் விழுந்துவிடும்.

இப்போது மணப்பாட்டுக் கணக்கைப் போடுவோம். உங்கள் ஊரிலிருந்து திருச்செந்தூர் வழியாகத் தூத்துக்குடிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கார் கிடைக்க வேண்டும், வீட்டில் இருப்பவர்கள் கிளம்ப வேண்டும், சாலையைக் கடக்க வேண்டும். போய் இறங்கியதும் யாரும் நேரே கேத் லேபுக்குள் தள்ளிக்கொண்டு போகமாட்டார்கள். அங்கேயும் முதலில் ஈசிஜிதான். அது மாரடைப்பு என்று உறுதியான பிறகு இதய மருத்துவரும் அவருடைய ஆட்களும் வந்து சேர வேண்டும். கையெழுத்து வாங்க வேண்டும், அறையைத் தயார் செய்ய வேண்டும், ஆஞ்சியோ என்ற முறையில் குழாயைப் படம் பிடித்து அடைப்பு எங்கே என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் முடிந்து கம்பி அந்த அடைப்பைக் கடக்கும் வினாடியில்தான் இரத்தம் மறுபடி ஓடத் தொடங்கும். வீட்டு வாசலிலிருந்து அந்த வினாடிவரை 2 மணி நேரத்தில் முடிந்தால் அது நல்ல நாள். அதிகாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நல்ல நாள் அமைவது கஷ்டம்.

அதனால்தான் உலகம் முழுக்க மருத்துவர்கள் ஒரு கோடு கிழித்துவைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி சொல்வது இது: ஈசிஜியில் மாரடைப்பு உறுதியானதிலிருந்து 120 நிமிடத்துக்குள் கம்பி அடைப்பைக் கடக்க முடியும் என்றால் பலூனுக்கு அனுப்பு; முடியாது என்றால், கரைக்கும் ஊசி போடக்கூடாத காரணம் எதுவும் இல்லாதவரை, 10 நிமிடத்துக்குள் ஊசியைப் போடு, பிறகு அனுப்பு. இந்த விதியில் பணக்காரன் ஏழை என்ற பேச்சே இல்லை. கேத் லேப் இல்லாத ஒரு பிரெஞ்சு கிராமத்தில் உங்கள் அத்தானுக்கு வலி வந்தாலும், நேரம் இருக்காது என்று தெரிந்தால் அங்கேயும் இதே ஊசிதான்.

ஏன் இவ்வளவு அவசரம்? முத்துக்குளித்த கடற்கரைக்காரருக்கு இதை விளக்குவது எளிது. தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துச் சலாபம் 1961இல் முடிந்தது. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியவர் கீழே இருந்தது சில நிமிடம்கூட இல்லை, ஒரு மூச்சு நேரம். மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்ததும் இழுக்க வேண்டும். பெரிய வள்ளம் வரட்டும், அதில் இழுத்துக்கொள்ளலாம் என்று அவர் காத்திருக்க மாட்டார். இதயத் தசையும் இரத்தம் நின்ற நிமிடத்திலிருந்து மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருக்கிறது. அரை மணி நேரம் அளவுக்குத் தாங்கும். அதற்குப் பிறகு சாகத் தொடங்கும். 1977இல் அமெரிக்காவில் ரெய்மர், ஜென்னிங்ஸ் என்ற இருவரும் நாய்களின் இதயத்தில் இதைப் பார்த்தார்கள். தசையின் உள்சுவரில் தொடங்கும் சாவு, மணிக்கணக்கில் வெளிச்சுவரை நோக்கி அலைபோல நகர்கிறது. செத்த தசை மறுபடி வளராது, அந்த இடத்தில் வெறும் தழும்புதான் நிற்கும்.

இதைப் பின்னாளில் மனிதர்களிடமும் கணக்கிட்டார்கள். கரைக்கும் ஊசியைச் சோதித்த 22 ஆய்வுகள், மொத்தம் 50,246 நோயாளிகள். 1996இல் வெளிவந்த அந்தக் கணக்கின்படி, வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் 1,000 பேரில் கூடுதலாக 65 உயிர்கள் பிழைத்தன. ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் 37. மூன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் என்றால் 29. எல்லாம் அதே வகை மருந்துதான். மாறியது கடிகாரம் மட்டும்.

நேரே காரில் போவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. மாரடைப்பின் முதல் சில மணி நேரங்களில் இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகி வெறும் நடுக்கமாகிவிடலாம். மருத்துவத்தில் இதற்கு வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். இதயம் துடிப்பதுபோல அசையும், ஆனால் ஒரு சொட்டு இரத்தமும் வெளியே போகாது. மின் அதிர்ச்சி கொடுத்தால் சில வினாடிகளில் சரியாகும். கொடுக்காவிட்டால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். வாடகைக் காரின் பின்சீட்டில் அந்த மின் அதிர்ச்சிக் கருவி இருக்காது. பக்கத்து அரசு மருத்துவமனையில் இருக்கும். 108இல் சொல்லும்போதே நெஞ்சுவலி என்று சொன்னால், அதற்கேற்ற வண்டியை அனுப்புவார்கள்.

அந்த ஊசி உள்ளே போய் என்னதான் செய்கிறது? பலரும் நினைப்பது, குழாயில் பல வருடமாகப் படிந்த கொழுப்பை அது கரைத்துவிடுகிறது என்று. அப்படியில்லை, உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. மாரடைப்பை உண்டாக்குவது பெரும்பாலும், மெல்ல மெல்ல வளர்ந்து குழாயை மூடிய கொழுப்பு அல்ல. குழாய்ச்சுவரில் மேடுபோல இருக்கும் கொழுப்புப் படிவின் மேல்தோல் ஒரு நாள் கிழிகிறது. உடம்பு அதை வெளிக்காயம் என்று எண்ணிக்கொண்டு, கையில் வெட்டுப்பட்டால் செய்வதுபோல, அங்கே இரத்தத்தை உறையவைக்கிறது. முதலில் தட்டணுக்கள் என்ற மிகச் சிறிய அணுக்கள் வந்து ஒட்டுகின்றன. பிறகு ஃபைப்ரின் என்ற நூல்கள் வலைபோலப் பின்னிக்கொள்கின்றன. அந்த வலையில் சிவப்பணுக்கள் மீன்போல மாட்டிக்கொண்டு குழாய் முழுவதும் மூடுகிறது. முதல் நாள் வரை அந்தக் குழாயில் பாதி அடைப்பு மட்டும் இருந்திருக்கலாம். போன மாதம் எடுத்த ஈசிஜி நன்றாக இருந்ததே என்று குடும்பத்தார் திகைப்பதற்குக் காரணம் இதுதான்.

ஊசி மருந்து வெட்டுவது அந்த ஃபைப்ரின் வலையை. அதுவும் நேரடியாக இல்லை: நம் இரத்தத்திலேயே தூங்கிக்கொண்டிருக்கும் பிளாஸ்மினோஜன் என்ற பொருளை எழுப்பிவிடுகிறது, எழுந்தது போய் நூலை அறுக்கிறது. வலை பின்னுபவர்களுக்குத் தெரியும், இப்போது போட்ட ஈர முடிச்சை விரலால் அவிழ்த்துவிடலாம். வெயிலிலும் உப்பிலும் காய்ந்து இறுகிய முடிச்சுக்குக் கத்தி வேண்டும். இரத்தக்கட்டியும் அப்படித்தான். நேரம் ஆக ஆக ஃபைப்ரின் நூல்கள் ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைந்து இறுகிவிடும், ஊசிக்கு அவ்வளவாக மசியாது. அதனால் வலி தொடங்கி முதல் மூன்று மணி நேரத்துக்குள் ஊசியின் பலன் மிக அதிகம், 12 மணி நேரத்துக்குப் பிறகு அநேகமாக இல்லை. பலூனுக்கு இந்தக் கட்டுப்பாடு குறைவு. பழைய முடிச்சையும் அது தள்ளிக்கொண்டு போகும்.

அப்படி வலை அறுந்து இரத்தம் ஓடிவிட்டது. ஆனால் கிழிந்த மேடு அங்கேயே இருக்கிறது. கிழிசல் மூடாதவரை உடம்பு மறுபடியும் வலை பின்னப் பார்க்கும். உப்பளத்து வாய்க்காலில் மடை அடைத்த குப்பையை எடுத்துவிட்டீர்கள், தண்ணீர் ஓடுகிறது, ஆனால் கரை சரிந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையைக் கட்டாமல் வீட்டுக்குப் போக முடியாது. ஸ்டென்ட் அந்தக் கரையைத் தாங்கிப் பிடிக்கிற வேலையைச் செய்கிறது. ஊசி சரியாக வேலை செய்தவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ பார்ப்பது இதற்காகத்தான். ஊசி போட்டு 60 முதல் 90 நிமிடத்தில் இன்னொரு ஈசிஜி எடுப்பார்கள். முதலில் உயர்ந்திருந்த கோடு பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் குழாய் திறந்துவிட்டது என்று பொருள். இறங்காவிட்டால் மறுநாள்வரை காத்திருப்பதில்லை, உடனே பலூன்தான். பெரியப்பாவை ஊசி போட்ட கையோடு வண்டியில் ஏற்றியதும் இதனால்தான். ஒருவேளை ஊசி தோற்றால், தோற்கும் நேரத்தில் அவர் கேத் லேப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஊசி முதல், ஆஞ்சியோ அடுத்து என்ற இந்த இரட்டை முறைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் ஃபார்மக்கோ-இன்வேசிவ், அதாவது மருந்தும் கம்பியும் சேர்ந்த சிகிச்சை. இது ஒரே சிகிச்சையின் இரண்டு பாதிகள். முதல் பாதியை உங்கள் பக்கத்து மருத்துவமனை செய்தது, இரண்டாவது பாதியைத் தூத்துக்குடி செய்தது.

இது பலூனுக்கு இணையாக நிற்குமா என்று சோதித்தார்கள். ஸ்ட்ரீம் என்ற அந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. பல நாடுகளில் 1,892 நோயாளிகள், எல்லோரும் வலி தொடங்கி 3 மணி நேரத்துக்குள் வந்தவர்கள், ஒரு மணி நேரத்துக்குள் பலூன் செய்ய வழியில்லாதவர்கள். பாதிப் பேருக்கு ஊசி போட்டுப் பிறகு ஆஞ்சியோ, பாதிப் பேருக்கு நேரே பலூன். 30 நாட்களில் இறப்பு, அதிர்ச்சி நிலை, இதயச் செயலிழப்பு, மறு அட்டாக் என்று கூட்டிப் பார்த்ததில் ஊசிப் பக்கம் 12.4 சதவீதம், பலூன் பக்கம் 14.3 சதவீதம். இரண்டும் சமம் என்றே இதைக் கொள்ள வேண்டும். ஊசிப் பக்கத்தில் மூன்றில் ஒருவருக்குச் சற்று அதிகமானவர்களுக்கு (36 சதவீதம்) அவசர ஆஞ்சியோ தேவைப்பட்டது. மூளையில் இரத்தக்கசிவு ஊசிப் பக்கம் 1.0 சதவீதம், பலூன் பக்கம் 0.2 சதவீதம். 75 வயதைக் கடந்தவர்களுக்கு மருந்தைப் பாதியாக்கிய பிறகு ஊசிப் பக்கத்தின் அளவு 0.5 ஆகக் குறைந்தது. இந்த ஆபத்தை மறைப்பது நியாயமில்லை. உறைந்ததைக் கரைக்கும் மருந்து, உறைய வேண்டிய இடத்தையும் கரைத்துவிடலாம். அதனால்தான் ஊசி போடும் முன் அந்த மருத்துவர் அத்தனை கேள்விகள் கேட்டிருப்பார்: முன்பு மூளையில் இரத்தக்கசிவு வந்ததா, சமீபத்தில் பக்கவாதமோ தலையில் அடியோ அறுவையோ உண்டா, மலத்தில் இரத்தம் போனதா, இரத்த அழுத்தம் எவ்வளவு. அவசரத்தில் இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படாமல் உண்மையைச் சொல்வது உயிர் காக்கும்.

இவையெல்லாம் வெளிநாட்டுக் கதை, நம்மூர் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். இந்த முறையைத் தமிழ்நாட்டின் சாலைகளிலும் தாலுகா மருத்துவமனைகளிலும் வைத்தே சோதித்தார்கள். கோயம்புத்தூரின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் டாக்டர் அஜித் முல்லசாரியும் முன்னின்று நடத்திய தமிழ்நாடு ஸ்டெமி திட்டம் அது. ஸ்டெமி என்பது, ஈசிஜியில் எஸ்.டி. என்று பெயரிட்ட பகுதி உயர்ந்து நிற்கும் மாரடைப்பு. குழாய் முழுவதும் மூடிவிட்டது என்பதன் அடையாளம். கேத் லேப் உள்ள 4 பெரிய மருத்துவமனைகளை அச்சாகவும், 35 சிறிய மருத்துவமனைகளை ஆரக்கால்களாகவும் வைத்துச் சக்கரம்போல இணைத்தார்கள். 108 வண்டி, ஈசிஜியைத் தொலைவிலிருந்தே பார்க்கும் கருவி, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆகிய மூன்றும் அந்தச் சக்கரத்தைச் சுற்றவைத்தன. மூன்றும் ஏற்கெனவே அரசிடம் இருந்தவையோ எளிதில் கிடைப்பவையோதான். புதிதாகச் செய்தது அவற்றை ஒன்றோடொன்று பேசவைத்தது.

2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளைக் கணக்கில் எடுத்தார்கள். திட்டத்துக்கு முன் 898 பேர், பின் 1,522 பேர். முடிவு 2017இல் ஜாமா கார்டியாலஜி இதழில் வந்தது. ஆஞ்சியோ செய்துகொண்டவர்கள் 35.0 சதவீதத்திலிருந்து 60.8 ஆக உயர்ந்தார்கள். ஸ்டென்ட் போன்ற சிகிச்சை 29.8இலிருந்து 46.0 ஆனது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள்.

இதில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த விஷயம் வேறு. குழாயைத் திறக்கும் சிகிச்சை தொடங்க ஆகும் நேரம் இந்தத் திட்டத்தால் பெரிதாகக் குறையவில்லை. அப்படியிருந்தும் இறப்பு குறைந்தது. முன்பெல்லாம் சிறிய மருத்துவமனையில் ஊசி போட்டு, வலி நின்றுவிட்டது என்று அங்கேயே நாலு நாள் படுக்கவைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். இரண்டாவது பாதி நடக்கவே நடக்காது. அந்தப் பாதியைச் சேர்த்ததில்தான் பெரும் பலன் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆகவே, ஊசி ஏழைச் சிகிச்சை அல்ல. ஊசியோடு நிறுத்துவதுதான் ஏழைச் சிகிச்சை. இந்த ஆய்வு சீட்டுக் குலுக்கி நோயாளிகளைப் பிரித்த ஆய்வு அல்ல, முன்-பின் ஒப்பீடு, அதாவது திட்டத்துக்கு முந்தைய மாதங்களையும் பிந்தைய மாதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இடையில் வேறு ஏதாவது மாறியிருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு அதில் இடம் உண்டு. ஆனால் ஒரு வட்டாரத்துக்கு நல்ல வழி, இன்னொன்றுக்குப் பழைய வழி என்று சீட்டுக் குலுக்குவது எளிதல்ல. கையில் இருப்பதில் இது நம்பத்தக்க சான்று.

ஏழை என்ற சொல் வந்ததால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரியேட் என்ற இந்தியப் பதிவேடு 2008இல் லான்செட் இதழில் வெளியானது. 89 மருத்துவமனைகள், 20,000க்கு மேற்பட்ட நோயாளிகள். அதில் 30 நாட்களுக்குள் இறந்த ஏழைகள் 8.2 சதவீதம், பணக்காரர்கள் 5.5 சதவீதம். ஏழைகளின் உடம்பு மோசமா? அவர்களுக்குக் கிடைத்த சிகிச்சையின் வித்தியாசத்தைக் கணக்கில் சேர்த்ததும் இந்த இடைவெளி மறைந்துவிட்டது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்திருந்தால் அவர்களும் அதே அளவுக்குப் பிழைத்திருப்பார்கள் என்பதுதான் இதன் பொருள்.

அதே பதிவேட்டில் இன்னொரு எண் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனை வாசலுக்கு வர ஆன நேரம், இடைநிலைக் கணக்கில் 360 நிமிடம். அதாவது பாதிப் பேருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல். மருத்துவமனைக்குள் நுழைந்த பின் ஊசி போட ஆன நேரம் 50 நிமிடம். உங்கள் அத்தான் கணக்குக் கேட்டது மருத்துவமனையில் போன இருபது நிமிடத்துக்கு. மூன்றரை மணியிலிருந்து ஆறரை மணிவரை சோடாவோடும் ஓமத்தண்ணீரோடும் போன 180 நிமிடத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் யாரும் கேட்கவில்லை. பெரியம்மாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் வீட்டில் இருந்ததை வைத்து அன்போடு செய்தார். நெஞ்சுவலி எல்லாமே மாரடைப்பு அல்ல என்பதும் உண்மை. ஆனால் எது வாயு, எது அட்டாக் என்று வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. அனுபவமுள்ள மருத்துவரும் ஈசிஜி இல்லாமல் அடித்துச் சொல்லமாட்டார். நெஞ்சு நடுவில் பாரம் ஏற்றியதுபோல அழுத்தம், அது இடதுகைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, குளிர்ந்த வேர்வை, காரணமில்லாத மூச்சிரைப்பு, இவற்றில் எதுவும் வந்தால் ஈசிஜிதான் முடிவு சொல்ல வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் களைப்பாகவும் மேல்வயிற்று எரிச்சலாகவும் வரலாம். ஏப்பம் வந்ததால் வாயு என்று முடிவுகட்டக்கூடாது.

இப்போது இன்னும் பக்கத்திலேயே ஒரு படி இருக்கிறது. 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் என்ற மூன்று மருந்துகள், மொத்தம் 14 மாத்திரைகள். முதல் இரண்டும் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுப்பவை, மூன்றாவது கொழுப்பு மேட்டின் கிழிசலை அமைதிப்படுத்துவது. இவற்றில் ஆஸ்பிரினின் பலத்தைப் பலரும் குறைத்து எடைபோடுகிறார்கள். 1988இல் வெளிவந்த ஐசிஸ்-2 என்ற ஆய்வில் 17,187 பேர் சேர்ந்தார்கள். ஆஸ்பிரினும் கரைக்கும் மருந்தும் இரண்டும் கிடைக்காதவர்களில் ஐந்து வாரத்தில் இதய, இரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள் 13.2 சதவீதம். இரண்டும் கிடைத்தவர்களில் 8.0. ஆஸ்பிரின் மட்டுமே இறப்பை ஏறக்குறைய கால்பங்கு குறைத்தது. அந்த மாத்திரையின் விலை ஒரு தேநீரின் விலைகூட இல்லை.

கடற்கரையில் வாழும் உங்களுக்காக ஒன்று கூடுதலாகச் சொல்கிறேன். கடலில் இருக்கும்போது வலி வந்தால் கரை தெரியும் தூரம் என்றாலும் வலையை இழுத்து முடித்துவிட்டு வரலாம் என்று இருக்கக்கூடாது. இந்தியக் கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554. தருவைக்குளம் போன்ற ஊர்களிலிருந்து பல நாள் தங்கலுக்குப் போகும் படகுக்காரர்கள் இதைப் படகிலேயே எழுதி ஒட்டிவைக்கலாம். கம்ப்ரசர் வைத்துச் சங்கு குளித்துவிட்டு மேலே வந்ததும் நெஞ்சு வலித்தால், எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அது நுரையீரலில் காற்று கிழித்ததாகவோ இரத்தத்தில் காற்றுக்குமிழ் வந்ததாகவோ இருக்கலாம். அதற்குச் சிகிச்சையே வேறு.

பெரியப்பாவுக்கு இனி வேலை மாத்திரையை விடாமல் போடுவதுதான். ஸ்டென்ட் வைத்த பிறகு இரண்டு தட்டணு மாத்திரைகளையும் பொதுவாக ஓராண்டு தொடரச் சொல்வார்கள். உடம்பு நன்றாக இருக்கிறது என்று நடுவில் நிறுத்துபவர்களுக்கு ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறையும் ஆபத்து அதிகம். பல் பிடுங்க வேண்டுமென்றாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது.

கடைசியாக ஒரு காரியம் செய்யுங்கள். அவர் முதலில் போன மருத்துவமனை கொடுத்த பரிந்துரைச் சீட்டைத் தேடி எடுங்கள். அதில் என்ன ஊசி, எத்தனை மணிக்கு என்று எழுதியிருக்கும். டெனெக்டெப்ளேஸ் என்றிருந்தால், அது சில வினாடிகளில் ஒரே ஊசியாக ஏற்றுவது, தேவைப்பட்டால் பின்னொரு நாளும் போடலாம். ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றிருந்தால், அது ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் பழைய மருந்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் சொட்டுசொட்டாக ஏற்றுவது. ஒருமுறை ஏற்றியதும் உடம்பு அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடும், ஆகவே மறுபடி அதைப் போடக்கூடாது. அந்தப் பெயரையும் தேதியையும் பெரியப்பாவின் மருத்துவ அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள், வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள், அத்தானுக்கும் சேர்த்து.